சரணடைந்த மேஜர்

1901-ஆம் ஆண்டு. பிலிப்பைன்ஸின் தலைநகர் மணிலாவில் பாசிக் ஆற்றங்கரையில் நிற்கும் மலகான்யாங் மாளிகை. பத்தான் மலைக்காட்டிலிருந்து மலேரியாவோடு இறங்கி வந்து சரணடைந்திருந்த 22 வயது மேஜர் ஒருவரை அங்கே அழைத்து வருகிறார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர் அமெரிக்கப் படைத் தளபதி ஆர்தர் மெக்கார்தர். அமெரிக்கப் படையை எதிர்த்துப் போரிட்டுவந்த பிலிப்பைன் புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ பிடிபட்டுவிட்டார் என்கிறார்களே, அது நிஜம்தானா என்று பார்த்து வரும்படி தன்னைத் தன் ஜெனரல் அனுப்பியதாக மேஜர் சொல்கிறார். மெக்கார்தர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கையை உயர்த்தி எதிர் அறையைக் காட்டுகிறார், அவ்வளவுதான். அறை வாசலில் துப்பாக்கியில் கத்தி செருகிய இரண்டு அமெரிக்கச் சிப்பாய்கள். உள்ளே யாரும் இருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேதான் இளைஞர் நடந்து போகிறார். உள்ளே அகினால்டோ இருந்தார்.

அந்த மேஜரின் பெயர் மனுவேல் கேசோன். இந்தக் காட்சியைப் பின்னாளில் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். ஜெனரல் மஸ்கார்டோவுக்கு என்ன உத்தரவு சொல்வது, தொடர்ந்து சண்டை போடுவதா, சரணடைவதா என்று அகினால்டோவிடம் கேட்டிருக்கிறார். நான் இப்போது கைதி, அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணமும் எடுத்துவிட்டேன், எந்த உத்தரவும் போடும் நிலையில் இல்லை, மஸ்கார்டோ அவர் இஷ்டப்படி முடிவு செய்யட்டும் என்று பதில் வந்தது. அதோடு மேஜரின் போர் முடிந்தது.

நான் வேலை நிமித்தம் மணிலாவில் இருந்த காலத்தில் கேசோன் சிட்டியில்தான் தங்கியிருந்தேன். ஊர்ப் பெயரே அவர் பெயர். சாலைகள், பாலம், இருபது பெசோ நோட்டு என்று எங்கே திரும்பினாலும் அந்த ஒல்லி முகம். நினைவுச் சின்னத்தின் உச்சியில் மூன்று தேவதைகள் சம்பகீதா மாலை ஏந்தி நிற்பார்கள். சம்பகீதா வேறொன்றும் இல்லை, நம் குண்டுமல்லியேதான். இவ்வளவு சிலை வைக்கும் அளவுக்கு அந்த மனிதர் எந்தப் போரை ஜெயித்தார் என்று தேடத் தொடங்கினேன். துப்பாக்கி எடுத்து அவர் ஜெயித்தது ஒன்றுமே இல்லை.

லூசோன் தீவின் பசிபிக் கரையில், மலைகள் பின்னால் அடைத்து நிற்கும் பாலேர் என்ற சிற்றூரில் 1878 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தார். அப்பா லூசியோ, ஸ்பானியப் படையில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அம்மாவும் ஆசிரியை. ஸ்பானியப் பாதிரியார்களின் தயவில் படிப்பு. மணிலாவில் லெத்ரான் கல்லூரி, அப்புறம் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டம். 1896-இல் ஸ்பெயினுக்கு எதிராகப் புரட்சி வெடித்தபோது அவருக்கு வயது 18. அவர் அதில் சேரவில்லை. அப்பாவோ கடைசிவரை ஸ்பெயின் விசுவாசி. 1898-இல் ஊர் திரும்பும் வழியில் அப்பாவையும் தம்பி பெத்ரோவையும் ஆயுதம் ஏந்திய கும்பல் ஒன்று கொன்றது. கொள்ளைக்காகவா, ஸ்பெயின் பக்கம் நின்றதற்காகவா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதே சமயத்தில் அதே பாலேர் ஊரின் தேவாலயத்துக்குள் ஐம்பது பேர் கொண்ட ஸ்பானியப் படை ஒன்று கதவை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஸ்பெயினுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போர் முடிந்து, பிலிப்பைன்ஸை ஸ்பெயின் அமெரிக்காவிடம் 2 கோடி டாலருக்குக் கொடுத்துவிட்ட செய்தியையே நம்ப மறுத்து, 337 நாட்கள் உள்ளேயே கிடந்தார்கள். அது தனிக்கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அப்பாவைக் கொன்றவர்கள் புரட்சிக்காரர்களாகவே இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தும், 1899 பிப்ரவரியில் அமெரிக்காவுடன் போர் மூண்டதும் மகன் புரட்சிப் படையில்தான் சேர்ந்தார். செகண்ட் லெஃப்டினன்டாக நுழைந்து மேஜர் வரை உயர்ந்தார். சில காலம் அகினால்டோவின் அணுக்கப் பணியில் இருந்தார். பிறகு பத்தான் தீபகற்பத்தில் மஸ்கார்டோவின் கீழ் கெரில்லாச் சண்டை. சண்டை என்று சொல்கிறோமே தவிர, பசி, காய்ச்சல், ஓட்டம் இவைதான் அதிகம்.

அகினால்டோ பிடிபட்ட விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வடக்கே பலானான் என்ற ஒதுக்குப்புறக் கிராமத்தில் அவர் ஒளிந்திருந்தார். அமெரிக்க அதிகாரி ஃபன்ஸ்டன், மகபெபே ஊரைச் சேர்ந்த கூலிப்படை வீரர்களுக்குப் புரட்சிப் படையின் உடையைப் போட்டுவிட்டார். தானும் இன்னும் நான்கு அமெரிக்கர்களும் அவர்களிடம் பிடிபட்ட கைதிகள் போல நடித்தார்கள். புரட்சித் தளபதி ஒருவரின் முத்திரையோடு போலிக் கடிதங்கள் முன்கூட்டியே போயின. துணைக்குப் படை வருகிறது என்று நம்பி அகினால்டோ அணிவகுப்பு மரியாதையோடு வரவேற்றார். 1901 மார்ச் 23. துப்பாக்கிகள் திரும்பின, கதை முடிந்தது. இந்தக் கும்பல் கப்பலிலிருந்து கரை இறங்கிய காசிகூரான், கேசோனின் சொந்த ஊருக்கு வடக்கே அதே கடற்கரையில் இருக்கிறது.

சரணடைந்த மேஜருக்குச் சில மாதங்கள் சிறை. வெளியே வந்து சட்டப் படிப்பை முடித்தார், 1903-இல் வழக்கறிஞர் தேர்வில் நான்காம் இடம். அமெரிக்கர்களின் மொழியைக்கூடக் கற்க மாட்டேன் என்று முதலில் முரண்டு பிடித்தவர், சீக்கிரமே அமெரிக்கர்கள் கொடுத்த அரசு வழக்கறிஞர் பதவியில் உட்கார்ந்தார். தயாபாஸ் மாகாணத்தில் பெர்ரி என்ற அமெரிக்க வக்கீல் நில மோசடி செய்ததாக வழக்குப் போட்டு அவருக்குத் தண்டனையும் வாங்கிக் கொடுத்தார். ஒரு வெள்ளைக்காரரைக் கோர்ட்டுக்கு இழுத்த பிலிப்பைன் இளைஞர் என்று பெயர் பரவியது. ஆனால் அதே காலத்தில் அவரைக் கைதூக்கிவிட்டவர் ஹாரி பாண்ட்ஹோல்ட்ஸ். மலையில் மிச்சமிருந்த புரட்சிக்காரர்களை வேட்டையாடிக்கொண்டிருந்த கான்ஸ்டபுலரி போலீஸ் படையின் அதிகாரி அவர். அந்தப் படைக்குக் கேசோன் தகவல் கொடுத்துவந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்கள். 1906-இல் தயாபாஸ் ஆளுநர் ஆனதிலும் பாண்ட்ஹோல்ட்ஸின் கை உண்டு.

இங்கேதான் பலர் அவரைத் துரோகி என்று முத்திரை குத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலகான்யாங்கில் அந்த அறைக்குள் அவர் பார்த்தது வெறும் தோல்வியை மட்டும் அல்ல, பேரம் பேசக் கையில் ஒன்றுமே மிச்சமில்லாத ஒரு தலைவரையும் பார்த்தார். அதற்குப் பிறகு நாற்பது வருடம் அவர் செய்த அரசியல் முழுக்க, அந்த நிலைக்குத் தான் ஒருபோதும் வந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு என்றுதான் நான் படிக்கிறேன்.

1907 அக்டோபரில் முதல் பிலிப்பைன் சட்டமன்றம் கூடியது. செர்ஹியோ ஒஸ்மேன்யா சபாநாயகர், கேசோன் ஆளுங்கட்சியின் அவை முன்னவர். இரண்டு பேரும் ஒரே வருடத்தில், சில வாரங்கள் இடைவெளியில் பிறந்தவர்கள், லெத்ரானில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒஸ்மேன்யா அளந்து பேசுகிறவர். கேசோன் கத்துவார், அழுவார், கட்டிப்பிடிப்பார், 'புன்யேத்தா' என்று ஸ்பானிய வசவு ஒன்றை உதிர்ப்பார், அடுத்த நிமிடம் தோளில் கை போட்டுச் சிரிப்பார். நல்ல உடை, சீட்டாட்டம், நடனம் எல்லாவற்றிலும் ஆசை. 1909-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பிலிப்பைன்ஸின் பிரதிநிதியாக வாஷிங்டனுக்குப் போனார். அங்கே அவருக்குப் பேச்சுரிமை உண்டு, ஓட்டுரிமை கிடையாது. கையில் அகராதியோடு ஆங்கிலம் படித்து, விருந்துகளிலும் தாழ்வாரங்களிலும் ஆள் பிடித்து, 1916-இல் ஜோன்ஸ் சட்டத்தைக் கொண்டுவருவதில் பெரும் பங்கு வகித்தார். நிலையான அரசு அமைந்ததும் பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் என்று அமெரிக்கா முதல்முறையாக எழுத்தில் கொடுத்தது அதில்தான்.

ஊரில் மேடை ஏறினால் உடனடி, முழுமையான, நிபந்தனையற்ற சுதந்திரம். வாஷிங்டனில் தனி அறையில் அமெரிக்க அதிகாரிகளிடம் பேசும்போது, அவ்வளவு அவசரம் இல்லை, கொஞ்சம் நிதானமாகவே வரட்டும் என்ற தொனி. ஜப்பான் பயம் அவருக்கு நிஜமாகவே இருந்தது. அமெரிக்கச் சந்தையில் வரியில்லாமல் விற்கும் சர்க்கரையை நம்பி ஊர்ப் பணக்காரர்கள் இருந்தார்கள், அவர்களை நம்பி அவர் கட்சி இருந்தது. நம் மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, வெளியே நிற்கிறவருக்குக் கூச்சல் மட்டும்தான் கேட்கும், விலை தெரியாது. கேசோனின் சுதந்திரப் போராட்டம் பெரும்பாலும் அந்த ரகம். அமெரிக்கர்கள் இன்னும் கொஞ்சம் கொடுமை செய்து தொலைத்தால் என்ன என்று ஒருமுறை அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். கொடுமை செய்தால் எதிர்ப்பது சுலபம். பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

சண்டை போட ஒருவர் வந்தார். 1921-இல் கவர்னர் ஜெனரலாக வந்த லியனார்ட் வுட், பழைய ராணுவக்காரர், விறைப்பானவர். மணிலா போலீசின் கான்லி என்ற அமெரிக்கத் துப்பறிவாளர் லஞ்சம் வாங்கினார் என்று புகார் வந்து, வுட் அவரை மறுபடி வேலையில் சேர்த்தார். இந்தச் சின்ன விஷயத்தைப் பிடித்துக்கொண்டு 1923 ஜூலையில் பிலிப்பைன் அமைச்சர்கள் எல்லோரும் ராஜினாமா செய்தார்கள். பின்னால் இருந்து நடத்தியவர் செனட் தலைவர் கேசோன். ஒரு போலீஸ்காரரின் லஞ்ச வழக்கிலிருந்து தேசியப் பிரச்சினை ஒன்றை உருவாக்கிய சாமர்த்தியத்தை ரசிக்காமல் இருக்க முடியவில்லை. அந்தச் சண்டையில் அகினால்டோ வுட்டின் பக்கம் நின்றார். பழைய தலைவருக்கும் பழைய மேஜருக்கும் இடையே பகை வளர்ந்தது. அகினால்டோவுக்கு அரசு கொடுத்துவந்த ஓய்வூதியம் நின்றுபோனது.

ஒஸ்மேன்யாவுடனும் உரசல்தான். 1922-இல் கட்சியை உடைத்து அவரைப் பின்னுக்குத் தள்ளினார், பிறகு சேர்ந்தார்கள். 1933 கூத்து இன்னும் மேல். ஒஸ்மேன்யாவும் கேசோனின் சீடர் மனுவேல் ரோஹாஸும் வாஷிங்டனில் பல மாதங்கள் உட்கார்ந்து, பத்து வருடத்தில் சுதந்திரம் தரும் சட்டம் ஒன்றை வாங்கிவந்தார்கள். ஜனாதிபதி ஹூவரின் மறுப்பையும் மீறி நிறைவேறிய சட்டம். கேசோன் அதை எதிர்த்தார். அமெரிக்க ராணுவத் தளங்கள் இருக்கும், வர்த்தக விதிகள் சரியில்லை என்று காரணங்கள் சொல்லி, மணிலாச் சட்டமன்றத்தில் அதைத் தோற்கடித்தார். அப்புறம் தானே வாஷிங்டன் போய், 1934 மார்ச்சில் டைடிங்ஸ்–மெக்டஃபி சட்டத்தோடு வந்தார். ராணுவத் தளங்கள் நீக்கம், கடற்படைத் தளங்கள் பற்றிப் பிறகு பேச்சுவார்த்தை. அது தவிர இரண்டு சட்டங்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. சுதந்திரத்தை யார் வாங்கிவந்தார் என்பதுதான் அவருக்கு முக்கியம். தேசபக்தியையும் தன்முனைப்பையும் அவரிடம் பிரித்துப் பார்க்க நான் முயன்று விட்டுவிட்டேன்.

1935 செப்டம்பரில் தேர்தல். சுதந்திரத்துக்கு முந்தைய பத்து வருட இடைக்கால அரசின் முதல் ஜனாதிபதி யார்? மூன்று முக்கிய வேட்பாளர்கள், மூவருமே பழைய புரட்சிக்காரர்கள். புரட்சிக் குடியரசின் தலைவர் அகினால்டோ. புரட்சிப் படையின் மதகுருவாக இருந்து, ரோமிலிருந்து பிரிந்து தனித் திருச்சபையை நடத்திய கிரெகோரியோ அக்லிபாய். அப்புறம் மேஜர் கேசோன். ஓட்டு எண்ணினால் கேசோனுக்கு 6,95,332, அகினால்டோவுக்கு 1,79,349, அக்லிபாய்க்கு 1,48,010. மூவரில் ராணுவத்தில் கீழே இருந்தவருக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலே. மோசடி என்று அகினால்டோ புகார் சொன்னார். நவம்பர் 15 அன்று கேசோன் பதவி ஏற்றார், ஒஸ்மேன்யா துணை ஜனாதிபதி. குடிபோன வீடு மலகான்யாங் மாளிகை.

அந்த மாளிகையில் ஜனாதிபதியின் ராணுவ ஆலோசகராக வந்து நின்றவர் டக்ளஸ் மெக்கார்தர். அன்று பேசாமல் கையைக் காட்டிய ஆர்தர் மெக்கார்தரின் மகன். அவருக்குப் பிலிப்பைன் படையின் ஃபீல்ட் மார்ஷல் என்ற பட்டத்தைக் கேசோன் கொடுத்தார். இன்னும் உருவாகாத படைக்கு எதற்கு ஃபீல்ட் மார்ஷல் என்று உதவியாளராக இருந்த ஐசனோவர் முணுமுணுத்தார்.

ஆட்சியைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். அதிகாரம் முழுவதையும் தன் கையில் குவித்தார், எதிர்க்கட்சி என்று ஒன்றை வளரவே விடவில்லை, ஒரே முறை ஆறு வருடம் என்றிருந்த ஜனாதிபதிப் பதவியை 1940-இல் திருத்தி மறுபடி நிற்க வழி செய்தார். சமூக நீதி என்று நிறையப் பேசினார், குத்தகை விவசாயிகளுக்குப் பேச்சுதான் அதிகம் கிடைத்தது. 'அமெரிக்கர்கள் சொர்க்கம் போல நடத்தும் அரசைவிடப் பிலிப்பைன்காரர்கள் நரகம் போல நடத்தும் அரசே மேல்' என்ற அவரது வாசகத்தை இன்றும் மணிலாவில் கிண்டலாகச் சொல்வார்கள், கேட்டது கிடைத்துவிட்டது என்று. அதற்கு அடுத்து அவர் சொன்னதை விட்டுவிடுகிறார்கள்: எவ்வளவு மோசமான அரசானாலும் நம் அரசு என்றால் மாற்றிக்கொள்ளலாமே என்பது.

மறுபக்கம், பெண்களுக்கு ஓட்டுரிமை. மூன்று லட்சம் பெண்கள் சம்மதம் சொன்னால்தான் ஓட்டு என்று அரசியல் சட்டத்தில் ஒரு முட்டுக்கட்டை வைத்திருந்தார்கள். 1937 ஏப்ரல் 30 அன்று நடந்த வாக்கெடுப்பில் 4,47,725 பெண்கள் ஆம் என்றார்கள். அதே வருடம் மணிலாப் பகுதியின் மொழியான தகாலோக்கை அடிப்படையாக வைத்துத் தேசிய மொழி. எனக்கு அதிகம் பிடித்தது யூத அகதிகள் விவகாரம். ஹிட்லரிடமிருந்து தப்பியவர்களை உலகமே வாசலில் நிறுத்திவைத்திருந்த நேரம். கேசோனின் சீட்டாட்டக் கூட்டாளிகளில் மணிலாவில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்த ஃப்ரீடர் சகோதரர்கள் உண்டு, அமெரிக்க ஹை கமிஷனர் மெக்நட் உண்டு, ஐசனோவரும் உண்டு. அந்த மேஜையைச் சுற்றித்தான் திட்டம் உருவானது. 1,200-க்கும் மேற்பட்ட யூதர்கள் மணிலா வந்து சேர்ந்தார்கள். மரிகினாவில் தன் சொந்த நிலத்தையே அகதிகள் குடியிருப்புக்குக் கொடுத்தார். மிந்தனாவோவில் பத்தாயிரம் பேரைக் குடியேற்றும் திட்டமும் இருந்தது, போர் வந்து கெடுத்தது.

1941 டிசம்பர். ஜப்பான் குண்டு போட்டது. காசநோயில் இருமிக்கொண்டிருந்த ஜனாதிபதியைக் குடும்பத்தோடு கொரெஹிடோர் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மாலின்டா சுரங்கத்தின் வாசலில் டிசம்பர் 30 அன்று இரண்டாம் முறையாகப் பதவி ஏற்றார். சுரங்கத்துக்குள் குண்டு விழும்போதெல்லாம் புழுதி, ஒவ்வொரு புழுதிக்கும் இருமல். கடலுக்கு அந்தப் பக்கம் தெரிவது பத்தான் கரையில் இருக்கும் மரிவேலஸ். நாற்பது வருடத்துக்கு முன்பு மேஜர் கேசோன் சரணடைந்த இடம். அமெரிக்க உதவி ஐரோப்பாவுக்குத்தான் முதலில் என்பது ரேடியோவில் கேட்டபோது வெடித்தாராம்: எங்கேயோ இருக்கும் தூரத்துச் சொந்தத்துக்காகத் துடிக்கிறார்கள், இங்கே பின்கட்டில் பெற்ற மகளைச் சீரழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிப்ரவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் பிடித்த மணிலாவின் ரேடியோவில் இன்னொரு குரல் வந்தது. அகினால்டோ. சண்டையை நிறுத்திச் சரணடையும்படி மெக்கார்தரைக் கேட்டுக்கொண்டார். சில நாட்களிலேயே கேசோன் ரூஸ்வெல்ட்டுக்குத் தந்தி அடித்தார்: எங்களுக்கு உடனே சுதந்திரம் கொடுங்கள், நாங்கள் நடுநிலை அறிவிக்கிறோம், இரண்டு படைகளும் வெளியேறட்டும். ரூஸ்வெல்ட் மறுத்தார். கேசோன் கட்டுப்பட்டார். பத்தானில் அவர் மக்கள் செத்துக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் பிலிப்பைன் கருவூலத்திலிருந்து டக்ளஸ் மெக்கார்தருக்கு ஐந்து லட்சம் டாலர் கொடுக்கவும் உத்தரவிட்டார். செய்த சேவைக்கு வெகுமதியாம். அவருடைய உதவி அதிகாரிகள் மூவருக்கும் பங்கு போனது. பிறகு வாஷிங்டனில் ஐசனோவருக்கும் கொடுக்கப் பார்த்தார், அவர் வேண்டாம் என்றுவிட்டார். கேசோன் வாழ்க்கையில் எனக்கு ஜீரணமாகாத இடம் இதுதான். உதவி வாங்க வேறு வழி இல்லாதவர் கடைசியாக எடுத்துவைத்த பேரப்பொருள் என்று சமாதானம் சொல்லலாம். சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

பிப்ரவரி 20 அன்று நீர்மூழ்கிக் கப்பலில் தீவை விட்டுப் போனார். ஆஸ்திரேலியா வழியாக அமெரிக்கா. 1943 நவம்பரில் பதவிக்காலம் முடிகிறது, சட்டப்படி ஒஸ்மேன்யா ஜனாதிபதியாக வேண்டும். படுக்கையில் கிடந்தும் கேசோன் விட மாட்டேன் என்றார். ஒஸ்மேன்யாவே விட்டுக்கொடுத்து, அமெரிக்க நாடாளுமன்றத்தில் தீர்மானம் போட வைத்து, நண்பரின் பதவியை நீட்டித்தார். இப்படி ஒரு நண்பர் வாய்ப்பது லேசில்லை, கேசோனுக்கு அது உறைத்ததா என்பது வேறு. 1944 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மாநிலத்தின் சாரனாக் லேக்கில் இறந்தார். அம்மாவைக் கொண்டுபோன அதே காசநோய். பிலிப்பைன்ஸை மீட்க மெக்கார்தர் லெய்ட்டே தீவின் கரையில் இறங்க இன்னும் இரண்டரை மாதம் இருந்தது. அவருக்குப் பக்கத்தில் நடந்து வந்த ஜனாதிபதி ஒஸ்மேன்யா. 1946 தேர்தலில் கேசோனின் சீடர் ரோஹாஸிடம் தோற்றதும் அதே ஒஸ்மேன்யாதான்.

அமெரிக்கா சுதந்திரம் கொடுத்தது 1946 ஜூலை 4 அன்று. தன்னுடைய சுதந்திர தினத்தையே பார்த்து எடுத்துக் கொடுத்தது. 1962-இல் ஜனாதிபதி மகபகால் அதை மாற்றி, 1898-இல் காவிட் ஊரில் தன் வீட்டில் அகினால்டோ கொடியேற்றிச் சுதந்திரம் அறிவித்த ஜூன் 12-ஐத் தேசிய நாளாக்கினார். விழாவுக்கு 93 வயது அகினால்டோ நோய்ப் படுக்கையிலிருந்து எழுந்து வந்தார். அப்போது கேசோன் உயிரோடு இருந்திருந்தால் ஒரு 'புன்யேத்தா' போட்டிருப்பார், அப்புறம் நேராகப் போய் முதல் வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தேதி தன்னுடைய யோசனை என்று நிருபர்களிடம் சொல்லியிருப்பார்.